அசையா ஏரியலும் அதன் இழப்புக் கணக்கும்

வானொலி, ராடார், செயற்கைக்கோள் முதலியவற்றைப் பற்றி நம் மாணவர் உரையாடக் கேட்பின், பெருக்கிகளின் பெருமையும் கணிப்பொறிகளின் விரைவுமே அவ்வுரையில் மிகுந்து நிற்கும். அலையைத் திசை திருப்பும் தொழிலைச் செய்கின்ற கட்டமாற்றி என்னும் சிறு கருவியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் உரைப்பாரல்லர். உரைப்பினும், ‘அஃது எத்துணை நுண்ணிய படிகளில் கட்டத்தை மாற்றும்?’ என்று வினவுவரேயன்றி, ‘தன்னுள் நுழைந்த சக்தியில் எத்தனை பங்கை விழுங்கும்?’ என்று வினவுவாரைக் காண்டல் அரிது. இவ்விரண்டாவது வினாவே முதலில் கேட்கத்தக்கது என்பது என் கருத்து. நுண்மைக்காக இழப்பைப் பெருக்குவது, தராசின் தட்டைத் துலக்குவதற்காக அதில் இருந்த பொன்னைத் தேய்த்துவிடுவது போன்றது.

இத்துறையிற் பழகாதார்க்குப் பொருளை முதலில் விளக்குதல் முறை. கல்லூரி விளையாட்டு வெளியில் மாணவர் படையினர் அணிவகுத்து நடப்பதை யாவரும் கண்டிருப்பர். ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நேரே செல்லும் அணி, இடப்பக்கம் திரும்பவேண்டுமாயின் யாது செய்கின்றது? இடக்கோடியில் நிற்பவன் தாமதித்து அடி வைக்கிறான். அவனுக்கு அடுத்தவன் அவனினும் சிறிது முந்துகிறான். வலக்கோடியில் உள்ளவனோ எல்லாரினும் முந்துகிறான். வரிசை சாய்கின்றது, சாய்ந்தவுடன் அதன் முகம் இடப்பக்கம் நோக்குகின்றது. ஒருவனும் தன் வரிசையை விட்டு விலகவில்லை. முந்தியும் பிந்தியும் அடி வைத்ததே போதியதாயிற்று.

ஏரியல்கள் பலவற்றை ஒரு வரிசையில் நட்டு, அவை விடுக்கும் அலைகளை ஒன்றுக்கொன்று சிறிது பிந்தச் செய்தால், அலையின் முகமும் இவ்வாறே சாயும். ஏரியல்கள் அசையவேண்டுவதில்லை. அலையின் ஒரு முழு ஊசலாட்டத்தை 360 பாகையாகக் கொண்டு, ஓர் அலை மற்றொன்றினும் எத்தனை பாகை பிந்தியிருக்கிறது என்று கூறுவதே கட்ட வேறுபாடு. (ஆய்வுக்கூடத்தில் மாணவர் ‘பேஸ்’ என்றே வழங்குவர். ‘கட்டம்’ என்னும் சொல் காகிதத்தில் வரையும் கட்டத்தையும் நினைவூட்டி இடர் தருமாயினும், அதனினும் ஏற்ற சொல் கிடைக்குமளவும் யான் அதனையே ஆள்கிறேன்.) அப்பிந்துதலை வேண்டிய அளவில் உண்டாக்கும் கருவியே கட்டமாற்றி.

இக்கருத்து புதிதன்று. ஜெர்மானிய விஞ்ஞானியாகிய பெர்டினாந்து பிரௌன் 1905-ஆம் ஆண்டிலேயே மூன்று ஏரியல்களை முக்கோணமாக நட்டு, ஒன்றன் மின்னோட்டத்தைப் பிந்தச் செய்து, ஒரு திசையில் அலை மிகவும் எதிர்த்திசையில் குறையவும் கண்டார். அவரே 1909-இல் மார்க்கோனியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பின்னர் இரண்டாம் உலகப்போரில் ராடார் பெரிதும் பயன்பட்டது. அதன்பின் இக்கலை விரைந்து வளர்ந்தது. அவ்வரலாறு நூல்களிற் கிடைத்தலின் ஈண்டு விரிக்கவில்லை.

நம் நாட்டிலேயே, நம் கண்முன்னே இருக்கும் எடுத்துக்காட்டை ஆராய்தல் மேல். நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே ஒரு மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி ஒன்று உளது. கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞர் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் எழுப்பிய அது, 1970-இல் தொழிற்படத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். வளைந்த சட்டங்கள் 24; அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துருவேறா எஃகுக் கம்பிகள் 1,100. அம்மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்துளது. அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. ஆதலின் வடக்குத் தெற்காகக் கிடக்கும் அந்நீண்ட தொட்டி போன்ற அமைப்பின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அதனைக் கிழக்கிலிருந்து மேற்காக மெல்லச் சுழற்றினாற் போதும். விண்மீனை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். இடத்தைத் தேர்ந்தவரின் மதிநுட்பம் மெச்சத்தக்கது.

நிற்க. கிழக்கு மேற்காகச் சுழற்றுதல் சரி. வடக்கிலோ தெற்கிலோ உள்ள ஒரு விண்மீனை நோக்குவது எங்ஙனம்? அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட இரும்புச் சட்டங்களின் தொடரை ஒரு முனையில் தூக்குதல் மனிதர் ஆற்றும் செயலன்று. இங்கேதான் கட்டமாற்றி துணைபுரிகின்றது. தொட்டியின் குவியக்கோட்டில் 1,056 இருமுனை ஏரியல்கள் வரிசையாக அமைந்துள்ளன. அத்தொலைநோக்கி ஏற்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்சு, அலைநீளம் சற்றேறக்குறைய 92 சென்டிமீட்டர். அடுத்தடுத்த ஏரியல்களுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ அரை அலைநீளம். நோக்கும் திசையை நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை வடக்கே சாய்க்க வேண்டுமாயின், ஒவ்வோர் ஏரியலும் தன் அண்டை ஏரியலினும் 90 பாகைக்குச் சற்று மிகுதியாகக் கட்டம் மாறவேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வருமளவில் இவ்வேறுபாடு இருநூற்றுக்கு மேற்பட்ட முழுச் சுற்றுக்களாகத் திரளும். ஆயினும் 360 பாகை என்பது மீண்டும் சுழியே ஆதலின், முழுச் சுற்றுக்களையெல்லாம் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் கொடுத்தாற் போதும். ஒரு கட்டமாற்றி சுழிக்கும் 360-க்கும் இடைப்பட்ட மதிப்புக்களைத் தருமாயின் அதன் கடமை முடிந்தது. இவ்வுபாயம் குறுகிய அதிர்வெண் அகலத்துக்கே பொருந்தும் என்பதையும் மறத்தல் ஆகாது. அகன்ற பட்டையை ஏற்க விரும்புவோர் உண்மையான காலதாமதத்தை நாடவேண்டும். அது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

1990-களின் தொடக்கத்தில் இத்தொலைநோக்கியின் ஏரியல் வரிசை புதுப்பிக்கப்பட்டது. புதிய அமைப்பில் ஒவ்வோர் இருமுனைக்கும் பின்னால் முதலில் ஓர் இரைச்சல் குறைந்த பெருக்கி. அதன் பின்னரே நான்கு பிட் டையோடுக் கட்டமாற்றி. இந்த வரிசைமுறையை உற்று நோக்குமாறு மாணவரை வேண்டுகிறேன். பெருக்கி முன், கட்டமாற்றி பின். இதன் காரணத்தை உணர்ந்தவன் இத்துறையின் பாதியை உணர்ந்தவன்.

விண்மீனிலிருந்து வரும் அலை மிக நலிந்தது. அதனைப் பெருக்குமுன் ஒரு பங்கு தொலைந்துவிடின், அப்பங்கை எந்தப் பெருக்கியாலும் மீட்க இயலாது. ஏனெனில், இழப்பையுடைய எந்தக் கருவியும் தான் விழுங்கியதற்கு ஈடாகத் தன் வெப்பத்தால் எழும் இரைச்சலையும் அலையோடு கலந்து அனுப்பும். அறையின் வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 290 கெல்வினில் இருக்கும் ஒரு கட்டமாற்றி, 1 டெசிபெல் இழப்புடையதாயின், சக்தியில் நூற்றுக்கு 20 பங்கைக் குறைப்பதோடு, 75 கெல்வின் அளவு இரைச்சலையும் சேர்த்துவிடும். 3 டெசிபெல் இழப்பாயின் பாதிச் சக்தி போய், 290 கெல்வின் இரைச்சல் வந்து சேரும். இன்றைய நல்ல பெருக்கியொன்று தானாகச் சேர்க்கும் இரைச்சல் இவற்றினும் மிகக் குறைவு. ஆகவே, பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு வாங்கிய பெருக்கியின் சிறப்பையெல்லாம், அதற்கு முன்னால் வைத்த ஓர் இழப்புமிக்க கட்டமாற்றி ஒரு நொடியில் வீணாக்கிவிடும். களத்து நெல்லில் ஒரு மரக்கால் குறைந்தால் ஒரு மரக்கால் குறைந்ததே. விதைநெல்லில் ஒரு மரக்கால் குறைந்தால் ஒரு வயலே குறைந்தது. பெருக்கிக்கு முன் நிகழும் இழப்பு விதைநெல்லின் இழப்பு.

அலையை ஏற்காது விடுக்கும் ஏரியலில் இம்முறை தலைகீழாகும். அங்கே பெருக்கிக்குப் பின் நிகழும் இழப்பே கொடிது. மாடு கட்டிக் கமலையில் அரும்பாடுபட்டு இறைத்த நீர், வயலை அடையுமுன் வாய்க்காலிலேயே ஊறிப்போவதைப் போன்றது அது. அன்றியும், ஊறிப்போன சக்தி வெப்பமாக மாறிக் கருவியையே வாட்டும். இரு வகையிலும் ஏரியலை ஒட்டி நிகழும் இழப்பே அஞ்சத்தக்கது என்பது பெறப்படும்.

இனி, நுண்மையை மட்டும் போற்றுவாரோடு ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். எண்முறைக் கட்டமாற்றி தொடர்ச்சியாக மாறுவதன்று, படிப்படியாக மாறுவது. 180, 90, 45, 22.5 பாகை என்னும் நான்கு துண்டுகளை வேண்டியவாறு சேர்த்தும் நீக்கியும் பதினாறு நிலைகளைத் தருவது நான்கு பிட் கட்டமாற்றி. உதகையில் உள்ளது இவ்வகையே. வேண்டிய கட்டம் 100 பாகையாயின், அதற்கு அண்மையதான 90-ஐயோ 112.5-ஐயோ கொண்டு அமைதல் வேண்டும். இவ்வாறு கிட்டத்தட்டக் கொடுப்பதால் எய்தும் குறை எவ்வளவு? ஏரியல்கள் பலவாயிருந்து பிழைகள் எங்கும் பரவிக் கிடக்குமாயின், ஒரு பிட் கட்டமாற்றியால் நூற்றில் 40 பங்கே பயன்படும். இரண்டு பிட் ஆயின் 81. மூன்று ஆயின் 95. நான்கு ஆயின் 98.7, ஐந்து ஆயின் 99.7. முதற்படிகளில் ஏற்றம் மிகப் பெரிது. பின் அது விரைந்து சிறுத்துவிடுகின்றது. நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறுவதால் நூற்றுக்கு ஒரு பங்கே கிடைக்கின்றது.

ஆனால் ஒவ்வொரு பிட்டும் தன் கூலியை வாங்காமல் விடாது. ஒரு பிட்டுக்கு அரை டெசிபெல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டர் அலைகளில் தொழிற்படும் சில்லுகளுக்கு இது தாராளமான சலுகையே. அங்கே பெரும்பாலும் இதனினும் மிகும். அரை டெசிபெல் என்பது நூற்றில் 11 பங்கு. இவ்விழப்பையும் பெருக்கிக் கணக்கிட்டால், இரண்டு பிட்டில் நமக்கு எஞ்சுவது 64 பங்கு; மூன்று பிட்டில் 67; நான்கில் 62; ஐந்தில் 56! ஐந்து பிட் கட்டமாற்றி இரண்டு பிட் கட்டமாற்றியினும் தாழ்ந்துவிட்டதைக் காண்மின். நுண்மைக்கு நுண்மை கூட்டக் கூட்ட அலை நலிந்துகொண்டே போகின்றது. இனி, ஒரு பிட்டின் இழப்பைப் பத்தில் ஒரு டெசிபெலாகக் குறைத்துவிட்டால் மூன்று பிட்டில் 88 அல்லது 89, நான்கில் 90, ஐந்தில் மீண்டும் 89 என வரும். இழப்புக் குறைந்த பின்னரே நான்காவது பிட்டுக்கு இடம் உண்டாகின்றது. இழப்பைக் குறைப்பவன் நுண்மைக்கும் வழி திறக்கிறான். நுண்மையை மட்டும் கூட்டுபவன் இரண்டையும் இழக்கிறான்.

இக்கணக்கை மறுப்போர் கூறும் தடை ஒன்றுண்டு. படி பெரிதாயின், நோக்கும் திசைக்குப் புறம்பே வேறு திசைகளிலும் அலை சிதறும். எதிரியின் இரைச்சலோ அண்டை நிலையத்தின் ஒலியோ அவ்வழியே உள்ளே புகும் என்பர். இது மெய்யே. பக்கச் சிதறலை மிகவும் அடக்கவேண்டிய ராடாருக்கு ஐந்தும் ஆறும் பிட்டுகள் வேண்டப்படுதலை யான் மறுக்கவில்லை. ஆயினும் அப்பிழைகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதாலேயே சிதறல் ஒரு திசையிற் குவிகின்றது. ஒவ்வோர் ஏரியலுக்கும் ஒவ்வொரு தொடக்கக் கட்டத்தை முன்னரே ஒழுங்கின்றிக் கொடுத்து வைத்து, அதனைக் கணக்கில் கழித்துக்கொண்டால், அச்சிதறல் எத்திசையும் பரந்து தணிந்துவிடும். ஏரியல்கள் ஆயிரக்கணக்காயிருக்குமிடத்து இம்மருந்து நன்கு பலிக்கும், செலவோ சிறிது.

அடுத்து, கருவியின் சிறுமையைப் பற்றி. உதகையில் ஏரியல்களுக்கிடையே அரை மீட்டர் இடம் உண்டு. ஆங்கே கட்டமாற்றி ஓர் அரிச்சுவடிப் புத்தகம் போன்று பெரிதாயிருந்தாலும் இடையூறில்லை. செயற்கைக்கோளோடு உரையாடும் இன்றைய தட்டை ஏரியல்களின் நிலை அதுவன்று. 30 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 1 சென்டிமீட்டர்; ஏரியல்களுக்கிடையே உள்ள தொலைவு 5 மில்லிமீட்டர். ஐந்துக்கு ஐந்து மில்லிமீட்டராகிய அச்சிறு மனையில் கட்டமாற்றியும் பெருக்கியும் அவற்றை ஏவும் கம்பிகளும் குடித்தனம் செய்தல் வேண்டும். ஆகவே சிறுமை என்பது ஆங்கே அழகுக்காக வேண்டப்படுவதன்று, இன்றியமையாதது.

சிறுமையும் இழப்பின்மையும் ஒரு கூரையின்கீழ் எளிதில் வாழமாட்டா. அவ்வதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்புக்கம்பியின் தோலிலேயே ஓடும். தோலின் தடிப்பு ஏறத்தாழ 0.4 மைக்ரோமீட்டர். கம்பியை ஒடுக்கினால் தோலின் பரப்புக் குறையும், தடை மிகும், இழப்பும் மிகும். சிலிக்கன் சில்லின் அடித்தளமோ தானும் சிறிது மின்சாரத்தைக் கடத்தி, அலையின் ஒரு பங்கைத் தன்வழி ஈர்த்துக்கொள்ளும். நீண்ட கம்பியைச் சுருட்டிச் சுருட்டிச் சிறு இடத்தில் அடைத்துவிட்டு, ‘கருவி சிறுத்தது’ என்று மகிழ்வார், அதன் வெளிவாயிலில் அளந்து பார்த்தாரல்லர்.

எனினும் சில வழிகள் உள. அவற்றுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது மிக எளியது. இரட்டைக் கம்பியில் எதிரெதிராகச் செல்லும் மின்னோட்டத்தில், இரு கம்பிகளையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக மாற்றி இணைத்துவிட்டால் 180 பாகை கிடைத்துவிடும். அதற்கு நீண்ட கம்பி வேண்டா; சுருளும் வேண்டா; நான்கு சாவிகள் போதும். நான்கு பிட்டுகளுள் மிகப் பெரியதாகிய ஒன்று, இடமே பிடிக்காமல் முடிந்துவிடுகின்றது! எதிரொலி முறை மற்றொன்று. நான்கு வாயிலுடைய ஓர் இணைப்பியின் முதல் வாயிலில் அலை புகுந்து, இரண்டாகப் பிரிந்து, இரு மின்தேக்கிகளில் மோதித் திரும்பி, மீண்டும் ஒன்றுகூடி நான்காம் வாயிலில் வெளிவரும். மின்தேக்கியின் அளவை மின்னழுத்தத்தால் மாற்றினால் எதிரொலியின் கட்டம் மாறும். படிகள் இல்லை, தொடர்ச்சியாகவே திருப்பலாம். ஆனால் அம்மின்தேக்கியின் உள்தடை ஒரே நிலையில் நில்லாது. மின்னழுத்தம் மாறுந்தோறும் இழப்பும் மாறும். சில ஏரியல்கள் உரத்தும் சில தணிந்தும் ஒலிக்க, அலையின் உருவே கெடும். இம்முறையைத் தேர்வோர் மிகக் குறைந்த இழப்பை மட்டும் காட்டிப் பெருமை கொள்ளாது, மிக மிகுந்த இழப்பையும் கூறுதல் நேர்மையாகும்.

இழப்பின்மையில் இன்றும் தலைநிற்பது பெரைட் என்னும் காந்தப்பொருளாலாகிய கட்டமாற்றி. அலைக்குழாயினுள் வைத்த பெரைட்டின் காந்தநிலையை ஒரு மின் துடிப்பால் மாற்றினால், அதனூடு செல்லும் அலையின் கட்டம் மாறும். வளைய வடிவில் அமைத்தால், துடிப்பு நின்றபின்னும் காந்தநிலை நிலைத்து நிற்கும். அதனைத் தாங்கிநிற்க மின்சாரம் வேண்டா. 360 பாகை முழுவதும் திருப்பியும் ஒரு டெசிபெலுக்குட்பட்ட இழப்பே உடையதாக அதனைச் செய்ய இயலும். நம் நாட்டில் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாரதி பட் என்னும் அம்மையார் தலைமையில் உழைத்த குழுவினர் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. ஆகாஷ் ஏவுகணையோடு இயங்கும் ‘ராஜேந்திரா’ ராடாருக்கு வேண்டிய பெரைட் கட்டமாற்றிகள் அவர் முயற்சியால் உருவாயின. கட்டமாற்றிகளைப் பற்றி அவரும் ச. கௌல் அவர்களும் இணைந்து இயற்றி 1991-இல் வெளிவந்த நூல், உலகெங்கும் இத்துறையாளர் கையில் இருப்பது. நம்மவர் நூலை நம் மாணவர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

பெரைட்டின் குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. கனம் மிகுந்தது, ஒவ்வொன்றையும் கைத்திறனால் சரிசெய்யவேண்டுவது, ஐந்து மில்லிமீட்டர் மனையுள் எளிதிற் புகாதது. ஆயினும் அதனால் விளையும் பெருநன்மை யாது? இழப்புக் குறைவாதலின், ஒரு பெரிய பெருக்கியின் சக்தியைப் பல்லாயிரம் ஏரியல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். இழப்பு மிகுந்த கட்டமாற்றியைக் கொண்டால் அஃது இயலாது; ஒவ்வோர் ஏரியலுக்கும் தனித்தனியே பெருக்கிகளை வைத்தே தீரவேண்டும். ஆகவே கட்டமாற்றியின் இழப்பு என்பது ஒரு சிறு உறுப்பின் குணம் மட்டுமன்று. முழு அமைப்பும் எவ்வுருக் கொள்ளும் என்பதையே அது தீர்த்துவைக்கின்றது.

இங்கே எதிர்க்கட்சியாரின் வலிமை மிக்க வாதம் எழுகின்றது. ‘பெருக்கிகள் இன்று மலிந்துவிட்டன, ஏரியலுக்கு ஒன்றாக வைத்துவிட்டால் கட்டமாற்றியின் இழப்பைப் பற்றி ஏன் கவலை? அதனைப் பெருக்கிக்கு உட்புறம் தள்ளிவிடலாமே!’ என்பர். அவ்வாதத்துக்குச் சான்றும் உண்டு. திருப்பதிக்கு அருகே காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் ராடாரில் 130 மீட்டர்ச் சதுர நிலத்தில் 1,024 ஏரியல்கள் நிற்கின்றன. தொடக்கத்தில் 32 பெரிய விடுப்பிகள் அவற்றுக்குச் சக்தி ஊட்டின. பின்னர் ஏரியலுக்கு ஒன்றாகச் சிறு விடுப்பிகள் வைக்கப்பட்டன. சிற்சில பழுதுபட்டாலும் ராடார் நில்லாது இயங்கும்; திசையும் விரைந்து மாறும். ஆங்கு அது தக்கதே. மற்றும், 53 மெகாஹெர்ட்சில் வானமே பல ஆயிரம் கெல்வின் இரைச்சலைப் பொழிதலின், ஏற்கும்போது 75 கெல்வினைப் பற்றி ஒருவரும் அழவேண்டுவதில்லை. யான் கூறும் விதி இடமறிந்து கொள்ளத்தக்கதேயன்றிக் கண்மூடிக் கொள்ளத்தக்கதன்று.

ஆனால் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலில் மின்சாரக் கம்பி வந்து நிற்கிறது. மலைமேல் உள்ள ஒரு மருத்துவ விடுதியின் வாயிலிலும், ஆழ்கடல் செல்லும் ஒரு மீன்படகின் மேல்தளத்திலும் அது வந்து நிற்பதில்லை. தாழ்ந்து பறக்கும் செயற்கைக்கோள்களோடு பேசும் இன்றைய தட்டை ஏரியற் பெட்டிகள் 50 முதல் 100 வாட் வரை மின்சாரம் உண்கின்றன. 75 வாட் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி தாங்கும் ஒரு மின்கலத் தொகுதி, முற்றும் நிறைந்திருப்பினும் பதினாறு மணி நேரத்தில் வறண்டுவிடும். இச்செலவில் ஒரு பங்கு கணக்கிடும் பகுதிக்கும் உரியதே. எனினும் ஏரியல்தோறும் ஓயாது விழித்திருக்கும் பெருக்கிகளின் பங்கு சிறிதன்று. இரு கூறுகளை வெவ்வேறளவிற் கலந்து கட்டத்தை உண்டாக்கும் மின்னூட்டக் கட்டமாற்றிகளும் அவ்வாறே ஓயாது உண்பவை. இழப்பைப் பெருக்கியால் ஈடுசெய்தோம் என்று கூறுபவர், அக்கடனை மின்கலத்தின் பெயரில் எழுதி வைத்தவரே ஆவர். வசதியுடையார் அதனைச் செலுத்துவர்; சூரிய ஒளியை நம்பி விளக்கேற்றும் ஊரார் யாங்ஙனம் செலுத்துவர்?

ஆதலின், நிலைத்து நிற்க மின்சாரம் வேண்டாததும், இழப்புக் குறைந்ததும், சிறியதுமாகிய கட்டமாற்றிக்கு இன்னும் தேவை தீரவில்லை. திரவப் படிகங்கள் கொண்டு செய்வாரும், நுண்ணிய இயந்திரச் சாவிகள் கொண்டு செய்வாரும் இந்நோக்கத்தாலேயே உழைக்கின்றனர். முன்னது குளிரில் மந்தப்படும். பின்னதன் சாவி பல கோடி முறை மூடித் திறந்தபின் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் உண்டு. இவற்றை நீக்குவது பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கே உரியது என்று நம் மாணவர் ஒதுங்கவேண்டுவதில்லை. சக்தி குறைந்த கருவி வேண்டுவோர் நம்மிடையே மிகுதியாதலின், அதனைத் தேடும் கடமையும் நமக்கு மிகுதி.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்யத்தக்கது யாது என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவேன். முப்பது கிகாஹெர்ட்சை நாடவேண்டா. உதகையின் அதிர்வெண்ணை ஒட்டி, 300 முதல் 400 மெகாஹெர்ட்சுக்குள், அச்சுத்தகட்டில் நான்கு பிட் டையோடுக் கட்டமாற்றி ஒன்றைச் செய்தல் பட்டவகுப்பு மாணவர் இருவருக்கு ஒரு பருவத்து வேலை. இவ்வதிர்வெண்களில் இழப்பையும் கட்டத்தையும் ஒருங்கே அளக்கும் கையடக்கக் கருவிகள் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. முன்னாளில் அத்தகைய கருவி ஒன்றிருந்த கல்லூரியை விரல்விட்டு எண்ணலாம். பதினாறு நிலைகளிலும் கட்டத்தை மட்டும் அளந்து, ‘22.5 பாகை வந்தது’ என்று குறிப்பேட்டை மூடிவிடலாகாது. பதினாறு நிலைகளிலும் இழப்பை அளந்து, எந்நிலையில் மிகுதி, எந்நிலையில் குறைவு, டையோடுகளுக்கு ஊட்டும் மின்னோட்டத்தைக் கூட்டினால் இழப்பு எவ்வளவு இறங்குகிறது, அதற்கு மின்கலம் எவ்வளவு கொடுக்கிறது என்பவற்றையும் பக்கத்திலேயே எழுதுதல் வேண்டும். பின்பு நான்காவது பிட்டைத் தகட்டிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் அளக்கலாம். எஞ்சும் பங்கு ஏறியதா இறங்கியதா என்பதை அவ்விருவரும் தம் குறிப்பேட்டிலேயே காண்பர்.